ஐசிடி, ஸ்னோமெட், லோயின்க், எச்பிஓ: ஒரே ஆய்வுக்குள் இவற்றை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி இதுதான்: மருத்துவமனைப் பதிவுகள் ஐசிடி-10 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு) குறியீடுகளில் இருக்கின்றன. ஆய்வக முடிவுகள் உள்ளூர்ப் பெயர்களில், மருந்துகள் ஏடிசியில் (மருந்து வகைப்பாடு), அரிய நோய்ப் பதிவேடு எச்பிஓவில் (நோயாளியிடம் வெளித்தெரியும் இயல்புகளுக்கான சொல்தொகுப்பு). எல்லாவற்றையும் சேர்த்து ஆய்வு நடத்த வேண்டும். பல மருத்துவச் சொல்தொகுப்புகளை இணைக்கும் யூஎம்எல்எஸ்ஸை இறக்கி, எல்லாக் குறியீடுகளையும் அதன் சியூஐ எண்ணுக்கு (ஒரே பொருளுள்ள சொற்களுக்கான பொது எண்) மாற்றிவிட்டால் போதாதா?

போதாது. தொடங்குவதற்கு அது நல்ல இடம், அவ்வளவுதான். இரண்டு குறியீடுகளை இணைக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு கூற்று. ‘இது அதற்குச் சமம்’ என்பது ஒரு கூற்று, ‘இது அதைவிடக் குறுகியது’ என்பது வேறு கூற்று, ‘இந்த ஆய்வுக்கு மட்டும் இதை அதன் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்’ என்பது இன்னொன்று. மூன்றையும் ‘மேப்பிங்’ என்ற ஒரே நெடுவரிசையில் கொட்டி வைப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் முளைக்கின்றன. எந்த உறவு, எந்தத் திசை, எந்தப் பதிப்பு, எந்த நோக்கம் என்ற நான்கும் எழுதப்படாத மேப்பிங்கை, அதைச் செய்தவரே ஆறு மாதம் கழித்து நம்ப முடியாது.

இந்தத் தொகுப்புகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவையும் இல்லை. ஐசிடி ஒரு வகைப்பாடு. நோயையும் இறப்பையும் எண்ணுவதற்காக வந்தது. ஒவ்வொரு நேர்வும் ஏதாவது ஒரு கட்டத்தில் விழுந்தே ஆக வேண்டும், இரண்டு கட்டங்களில் விழக் கூடாது. ‘பிற’, ‘குறிப்பிடப்படாதவை’ என்ற குறியீடுகள் அதற்காகவே இருக்கின்றன. ‘பிற’ என்பதன் பொருள் பக்கத்துக் கட்டங்களைச் சார்ந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு குறியீடு சேர்ந்தால், ஒரு எழுத்துகூட மாறாமல் ‘பிற’வின் பொருள் சுருங்கிவிடும். அதனால் எந்தப் ‘பிற’ குறியீட்டுக்கும் வேறு தொகுப்பில் ‘அப்படியே சமம்’ என்று ஒன்றைத் தேடாதீர்கள்.

ஸ்னோமெட் சிடி நோயாளியின் பதிவேட்டுக்காக உருவானது. 3,50,000க்கும் மேற்பட்ட கருத்துருக்கள், ஒன்றுக்குப் பல பெற்றோர், தருக்க வரையறைகள். லோயின்க் ஆய்வகப் பரிசோதனையை ஆறு கூறுகளாகப் பிரித்துப் பெயரிடுகிறது. மெஷ் நூலகத் தேடலுக்கான சொற்களஞ்சியம். அதன் மரத்தில் கண்ணுக்குக் கீழே விழித்திரை வரும். விழித்திரை கண்ணின் ஒரு பகுதிதான், ஒரு வகை கிடையாது. கட்டுரை தேடுபவருக்கு இது வசதி, தருக்க இயந்திரத்துக்கு (உறவுகளிலிருந்து தானே முடிவுகளைப் பெறும் நிரலுக்கு) இது பொய். எச்பிஓ, மோண்டோ (நோய்களுக்கானது), ஜீன் ஆன்டாலஜி (மரபணுச் செயல்களுக்கானது) போன்ற ஆன்டாலஜிகள், அதாவது கருத்துருக்களின் உறவுகளைத் தருக்க முறையில் எழுதிய தொகுப்புகள், ‘வகை’ உறவையும் ‘பகுதி’ உறவையும் தனித்தனியே எழுதுகின்றன.

படிநிலை வேறுபாடு ஆய்வின் எண்ணிக்கையை நேரடியாகத் தொடும். ஐசிடி-10இல் ‘சுவாச நோய்கள் எல்லாம்’ என்று ஜே00 முதல் ஜே99 வரை எடுத்தால் நுரையீரல் காசநோய் (ஏ15) வராது, நுரையீரல் புற்று (சி34) வராது. முதலாவது தொற்று அத்தியாயத்திலும் இரண்டாவது கட்டிகள் அத்தியாயத்திலும் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்னோமெட்டில் சுவாச மண்டலக் கோளாறு (50043002) என்பதன் வழித்தோன்றல்களை எடுத்தால் இரண்டும் வந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு மருத்துவமனைகள் இரண்டு கூட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. நீரிழிவும் அப்படியே: இ10 முதல் இ14 வரை எடுத்தால் கர்ப்பகாலத்தில் பதிவான ஓ24 விடுபடும்.

ஸ்னோமெட் பக்கம் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. நீரிழிவு (73211009) என்பதன் வழித்தோன்றல்களை மட்டும் எடுத்தால் நீரிழிவு விழித்திரை நோய் (4855003) கிடைக்காது. ஸ்னோமெட் அதை நீரிழிவின் ஒரு வகையாக வைப்பதில்லை, நீரிழிவால் வந்த ஒரு விழித்திரைக் கோளாறாக வைக்கிறது. இரண்டையும் இணைப்பது ‘இதனால் வந்தது’ என்ற பண்பு (42752001). அதனால் தேடலை இரண்டு பகுதியாக எழுத வேண்டும். ஸ்னோமெட்டின் வினவல் மொழியில் முதல் பகுதி << 73211009. இரண்டாவது << 404684003 : 42752001 = << 73211009. இரண்டின் கூட்டுத்தொகுப்புதான் நீங்கள் நினைக்கும் ‘நீரிழிவுக்காரர்கள்’ என்பதற்குக் கிட்டத்தட்ட வரும். ஐசிடியில் சிக்கல்கள் இ11க்குக் கீழேயே நான்காம் இலக்கமாக இருப்பதால் ஐசிடியில் பழகியவர் இதை எதிர்பார்க்கவே மாட்டார். சிக்கல் முற்றிய நோயாளிகளே தொகுப்பிலிருந்து கழன்று போவதால், இந்தத் தவறு முடிவை ஒரு பக்கமாகச் சாய்க்கும்.

இனி யூஎம்எல்எஸ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1986இல் தொடங்கிய திட்டம். ஆண்டுக்கு இரண்டு வெளியீடு, மே மாதத்திலும் நவம்பரிலும். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துருக்கள். பல தொகுப்புகளில் ஒரே பொருளில் வரும் சொற்களை ஒரு சியூஐயின் கீழ் கட்டுகிறது. மாரடைப்புக்கு சி0027051 என்றால், மெஷ்ஷின் டி009203, ஸ்னோமெட்டின் 22298006 இரண்டும் அதற்குள் இருக்கும். இந்த ஒருமைப்படுத்தலை மனிதர்கள் சரிபார்த்திருக்கிறார்கள், ஆகவே ‘முதல் பட்டியல்’ தயாரிக்க இதைவிடச் சிறந்த மூலம் குறைவு.

ஆனால் சியூஐ ஒருமை என்பது சொல் அளவிலான ஒருமை. மூலத் தொகுப்பில் அந்தக் குறியீடு என்னென்னவற்றை விலக்குகிறது, அதன் குழந்தைகள் யார் என்பதை அது சுமந்து வராது. ஐசிடி குறியீட்டின் ‘விலக்குக’ குறிப்பு சியூஐக்கு மாறும் கணத்தில் காணாமல் போகும். அடுத்தது, யூஎம்எல்எஸ்ஸின் உறவுக் கோப்பு எல்லா மூலங்களின் படிநிலைகளையும் ஒரே கிண்ணத்தில் கலந்து தருகிறது. மெஷ் மரத்தின் ஒரு கிளையில் ஏறி, ஐசிடியின் கிளையில் இறங்கினால் சுழற்சி வரும், அபத்தமான மூதாதையர் வருவார்கள். படிநிலையில் ஏறி இறங்குவதாக இருந்தால் ஒரு மூலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள்ளேயே நடக்க வேண்டும்.

சொல்லை வைத்துத் தேடுபவர்களுக்கு இன்னொரு கண்ணி. ஆங்கிலத்தில் ‘கோல்டு’ என்ற ஒரே எழுத்துக்கோவைக்கு யூஎம்எல்எஸ்ஸில் ஜலதோஷம் (சி0009443), குளிர் வெப்பநிலை (சி0009264), நாட்பட்ட அடைப்பு நுரையீரல் நோய் (சி0024117) என மூன்றும் வரும், கடைசியது சுருக்கப் பெயராக. எந்த நெடுவரிசையிலிருந்து சொல் வந்தது என்று தெரியாமல் இவற்றில் ஒன்றைத் தேர்வு செய்ய வழியில்லை. சொல்லோடு அதன் இடத்தையும் (நோய் கண்டறிதலா, ஒவ்வாமையா, குடும்ப வரலாறா) சேர்த்தே மேப்பிங்குக்கு அனுப்புங்கள்.

யூஎம்எல்எஸ் சொற்களின் முதன்மைக் கோப்பைப் படிக்கும்போதே பலர் வழுக்குகிறார்கள். அது 18 நெடுவரிசை கொண்ட, செங்குத்துக் கோட்டால் பிரிக்கப்பட்ட கோப்பு. தலைப்பு வரி கிடையாது. வரியின் கடைசியிலும் ஒரு கோடு இருப்பதால் 19ஆவதாக ஒரு வெற்று நெடுவரிசை முளைக்கும். சொற்களுக்குள் மேற்கோள் குறி வரும். உங்கள் நிரல் மேற்கோளை உரை எல்லையாக எடுத்துக்கொண்டால் ஒரு திறப்புக் குறியிலிருந்து அடுத்த குறி வரைக்கும் உள்ள வரிகள் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் விழுங்கப்படும். பிழைச்செய்தியும் வராது. மேற்கோள் கையாளலை முழுக்க அணைத்துவிட்டு, படித்த வரிகளின் எண்ணிக்கையைக் கோப்பின் வரிகளோடு ஒப்பிடுங்கள். ஒதுக்கப்பட்ட சொற்களைக் காட்டும் நெடுவரிசையில் ‘என்’ (N) என்ற எழுத்து உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் குப்பை கணிசமாகக் குறையும்.

உறவுகளுக்கு வருவோம். 2009 முதல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக உள்ள ஸ்கோஸ் (சொல்தொகுப்புகளை எழுதுவதற்கான தரம்) ஐந்து உறவுகளைத் தருகிறது: துல்லியப் பொருத்தம், நெருங்கிய பொருத்தம், பரந்த பொருத்தம், குறுகிய பொருத்தம், தொடர்புப் பொருத்தம். துல்லியப் பொருத்தம் தொடர்ச்சியாகக் கடக்கும்: அ=ஆ, ஆ=இ என்றால் அ=இ. நெருங்கிய பொருத்தம் கடக்காது, வேண்டுமென்றே அப்படி வரையறுத்திருக்கிறார்கள். ஐயம் இருந்தால் துல்லியத்தைத் தவிர்த்து நெருங்கியதைப் போடுங்கள். பின்னால் ஒருவர் உங்கள் அட்டவணையை வேறு இரண்டு அட்டவணைகளோடு கோத்துவிடுவார், அப்போது ஒவ்வொரு கண்ணியிலும் பொருள் சற்று நழுவி, கடைசியில் ஒரு நோயின் மரபணு வகை ஒன்றும் அந்த நோயின் முழுக் குடும்பமும் ஒன்றாகிவிடும்.

திசையில் குழம்புவது அன்றாட நிகழ்வு. ஸ்கோஸில் ‘அ பரந்த பொருத்தம் ஆ’ என்றால் ஆதான் பரந்தது. மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான எஃப்எச்ஐஆர் தரத்தின் நான்காம் வெளியீட்டில், மேப்பிங்கை எழுதும் கருத்து மேப் வளத்தில் ‘பரந்தது’ என்று எழுதினாலும் இலக்குதான் பரந்தது. ஆனால் படிப்பவர் பலர் மூலம்தான் பரந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் வெளியீட்டில் ‘மூலம் இலக்கைவிடக் குறுகியது’ என்று முழு வாக்கியமாகவே மாற்றிவிட்டார்கள். உங்கள் சொந்த அட்டவணையிலும் அந்த முழு வாக்கிய முறையே நல்லது.

ஆன்டாலஜி கோப்புகளில் ‘குறுக்குச் சுட்டு’ என்று ஒரு புலம் உண்டு. அதைச் சமம் என்று வாசிக்காதீர்கள். ஒரு ஆன்டாலஜியில் அது சமத்தைக் குறிக்கும், இன்னொன்றில் ‘இதையும் பார்க்க’, மூன்றாவதில் வரையறை எடுத்த இடம். மோண்டோ இதற்காகவே தன் சுட்டுகளில் எது உண்மையான சமம் என்று தனிக்குறிப்பு வைத்திருக்கிறது, எஸ்எஸ்எஸ்ஓஎம் வடிவிலும் மேப்பிங்கை வெளியிடுகிறது. அப்படிக் குறிப்பு இருந்தால் அதை மட்டும் எடுங்கள்.

அந்த எஸ்எஸ்எஸ்ஓஎம் என்பது மேப்பிங் அட்டவணைக்கான எளிய தரம், 2022இல் கட்டுரையாக வந்தது. தாவலால் பிரித்த சாதாரண அட்டவணை, மேலே தொகுப்பு முழுவதற்கும் பொதுவான தகவல். ஒவ்வொரு வரியிலும் மூலக் குறியீடு, உறவு, இலக்குக் குறியீடு, அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்ற நியாயம் (மனிதர் ஆராய்ந்தது, சொல் ஒற்றுமை, தருக்க வழி) இருக்கும். இவற்றோடு நம்பிக்கை அளவு, செய்தவர், நாள், இரு பக்கப் பதிப்புகள் ஆகியவற்றையும் சேர்க்கலாம். சேர்த்தே ஆக வேண்டும் என்பேன். நிராகரித்த இணைப்புகளையும் ‘இல்லை’ என்ற மாற்றியோடு அதே அட்டவணையில் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை கருவி அதே தவறான ஜோடியை முன்மொழியும், அடுத்தவர் அதை ஒப்புக்கொள்வார். தேடியும் இலக்கு கிடைக்காதவற்றுக்கும் ‘பொருத்தமான சொல் இல்லை’ என்று ஒரு வரி வேண்டும். வெற்றிடம் ‘தேடினேன், இல்லை’ என்பதையும் ‘இன்னும் தேடவில்லை’ என்பதையும் வேறுபடுத்தாது.

வேலையின் வரிசை எப்படி? ஆய்வுக் கேள்வியில் தொடங்குங்கள். எந்த வெளிப்பாடு (நோயாளி எதற்கு ஆளானார்), எந்த விளைவு, எந்தக் குழப்பக் காரணிகள் (இரண்டையும் பாதித்து முடிவைத் திரிப்பவை) தேவை என்று பட்டியலிட்டு, அவற்றைத் தொடும் குறியீடுகளை மட்டும் எடுங்கள். ‘முதலில் எல்லாவற்றையும் மேப் செய்துவிடலாம்’ என்று தொடங்கும் திட்டங்கள் பெரும்பாலும் ஆய்வு தொடங்குவதற்குள் பணமும் பொறுமையும் தீர்ந்து நிற்கும். பிறகு குறியீடுகளைப் பதிவு எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். மருத்துவத் தரவில் சில குறியீடுகளே பெரும்பான்மைப் பதிவுகளைத் தாங்கும், அவற்றில் நேரம் செலவிடுங்கள். அடியில் ஒன்றிரண்டு முறை மட்டும் வரும் குறியீடுகளைக் கைவிடுவதற்கு முன் ஒரு பார்வை போதும், ஆய்வு அரிய நோயைப் பற்றியதாக இருந்தாலொழிய.

வேட்பாளர்களைக் கருவி தரட்டும். சொல் ஒற்றுமைக்கு யூசாகி, ஆன்டாலஜி ஜோடிகளுக்கு லாக்மேப், அக்ரிமென்ட்மேக்கர்லைட், பொருள் நெருக்கத்துக்கு சாப்பெர்ட் போன்ற மாதிரிகள். ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் ஐந்து அல்லது பத்து வேட்பாளர்கள் போதும். அதற்கு மேல் கொடுத்தால் மதிப்பிடுபவர் சோர்ந்து முதலாவதையே தேர்வு செய்வார். பெரிய மொழி மாதிரிகளைப் பயன்படுத்தினால் அவற்றிடம் ‘குறியீட்டைச் சொல்’ என்று கேட்கக் கூடாது. நம்பத்தகுந்த தோற்றத்தோடு இல்லாத எண்ணைச் சொல்லும், அல்லது இருக்கும் எண்ணை வேறு நோய்க்குச் சொல்லும். வேட்பாளர் பட்டியலைக் கொடுத்து அதிலிருந்து தேர்வு செய்யவும் காரணம் சொல்லவும் விடுங்கள், வந்த எண்ணும் பெயரும் மூலக் கோப்பில் ஒன்றாக இருக்கின்றனவா என்று நிரல் சரிபார்க்கட்டும். ஸ்னோமெட் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம்தான், ஆனால் அது தட்டச்சுப் பிழையைத்தான் பிடிக்கும்.

முடிவை இருவர் ஒருவரையொருவர் பாராமல் எடுக்க வேண்டும், ஒருவராவது அந்தத் துறை மருத்துவர். முரண்பட்டவை மூன்றாமவருக்கு. முதல் 100 வரிகளை இருவரும் செய்தவுடன் நிறுத்தி, உடன்பாட்டை கப்பா அளவால் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த அளவு) பாருங்கள். குறைவாக இருந்தால் தொடராதீர்கள், விதிகளைத் திருத்துங்கள். முரண்பாடுகளில் பெரும்பங்கு அறியாமையால் வருவதில்லை. ‘குறிப்பிடப்படாதது என்றால் பெற்றோருக்குப் போடுவதா, விடுவதா’ போன்ற எழுதப்படாத விதிகளால் வருகிறது.

ஆய்வகத் தரவுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கடினம். உள்ளூர்ப் பட்டியலில் ‘குளுக்கோஸ்’ என்று மட்டும் இருக்கும். லோயின்க்குக்கு எதை அளந்தோம், எந்தப் பண்பு, எந்த நேர அளவு, எந்த மாதிரி, எந்த அளவுகோல், எந்த முறை என்ற ஆறும் வேண்டும். சீரம் அல்லது பிளாஸ்மாவில் நிறைச் செறிவு என்றால் 2345-7. அதே பொருள் மோல் செறிவில் என்றால் 14749-6. முழு இரத்தத்தில் என்றால் 2339-0. வெறும் வயிற்றில் என்றால் 1558-6. அலகு மாறினால் குறியீடே மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் பெயரை மட்டும் வைத்து மேப் செய்யாமல், பெயர், அலகு, மாதிரி வகை, உண்மையான மதிப்புகளின் பரவல் நான்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அலகு எழுதப்படாத குளுக்கோஸ் முடிவுகளின் நடுமதிப்பு 5.5 என்றால் அவை மி.மோல்/லி., 100 என்றால் மி.கி./டெ.லி. இரண்டு மேடுகள் தெரிந்தால் இரண்டு அலகுகள் கலந்திருக்கின்றன.

குளுக்கோஸுக்கு 18ஆல் வகுத்தால் கதை முடிந்தது: 126 மி.கி./டெ.லி. என்பது 7.0 மி.மோல்/லி. எச்பிஏ1சிக்கு வெறும் பெருக்கல் உதவாது. சதவீதத்தில் வருவது 4548-4, ஐஎஃப்சிசி (மருத்துவ வேதியியலின் சர்வதேசக் கூட்டமைப்பு) முறையில் மி.மோல்/மோல் அளவில் வருவது 59261-8. சதவீதம் = 0.09148 × ஐஎஃப்சிசி மதிப்பு + 2.152. நோய் எல்லையான 48 மி.மோல்/மோல் இதில் 6.5% ஆகிறது. அந்த 2.152ஐ விட்டால் 4.4% வரும், நோயாளி ஆரோக்கியமானவராகிவிடுவார். ஆகவே இணைப்பு அட்டவணையில் குறியீட்டோடு மாற்றுச் சூத்திரமும் ஒரு நெடுவரிசையாக இருக்க வேண்டும், அலகுகள் யூகம் (UCUM) என்ற அலகுக் குறியீட்டு முறையில் எழுதப்பட வேண்டும். அந்த முறையில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு பொருள் தரும், அதனால் அலகு நெடுவரிசையை ‘சுத்தம்’ செய்கிறோம் என்று எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடாதீர்கள்.

மருந்துகளில் ஏடிசி பயன்பாட்டைப் பொறுத்துப் பிரிக்கிறது. ஆஸ்பிரினுக்கு மூன்று குறியீடுகள்: இரத்தம் உறையாமைக்கு பி01ஏசி06, வலிக்கு என்02பிஏ01, வாய்க்கான மருந்தாக ஏ01ஏடி05. அமெரிக்க மருந்துப் பெயர்த் தொகுப்பான ஆர்எக்ஸ்நார்மில் ஆஸ்பிரின் என்ற உட்பொருள் ஒன்றுதான். ஏடிசியிலிருந்து ஆர்எக்ஸ்நார்முக்குப் போனால் பயன்பாடு தொலையும், திரும்பி வந்தால் எந்தக் குறியீடு என்று தெரியாது. ஏடிசியில் மாத்திரையின் வலிமையும் கிடையாது. எனவே உட்பொருள் மட்டத்துக்கு மேல் துல்லியமான இணைப்பு கேட்காதீர்கள். கூட்டு மருந்துக் குறியீடு (ஏ10பிடி வரிசை போல) இரண்டு உட்பொருட்களாகப் பிரியும். அப்போது வரிகள் இரட்டிக்கும், நோயாளி எண்ணிக்கையை வரிகளை எண்ணி எடுத்தால் தவறு.

ஸ்னோமெட்டிலிருந்து ஐசிடி-10க்கு ஸ்னோமெட் இன்டர்நேஷனலே ஒரு மேப் வெளியிடுகிறது (447562003 என்ற குறிப்புத்தொகுப்பு). அதில் குழு, முன்னுரிமை, விதி என்ற புலங்கள் உண்டு. நோயாளியின் வயது, பாலினம், உடன் இருக்கும் நோய் ஆகியவற்றைப் பொறுத்து எந்த ஐசிடி என்று விதி தீர்மானிக்கும். விதிகளைப் படிக்காமல் முதல் வரியை எடுப்பது ஒரு தவறு. அதைவிடப் பெரியது, அட்டவணையைத் தலைகீழாக்கி ஐசிடியிலிருந்து ஸ்னோமெட்டுக்குப் பயன்படுத்துவது. பல நுண்ணிய ஸ்னோமெட் கருத்துருக்கள் ஒரே ஐசிடி கட்டத்தில் விழுகின்றன. தலைகீழாக்கினால் ஒரு ஐசிடி குறியீட்டுக்கு நூற்றுக்கணக்கான ‘சமங்கள்’ கிடைக்கும், நோயாளிக்கு யாரும் சொல்லாத நுட்பமான நோய் வந்து சேரும்.

ஐசிடியிலிருந்து ஸ்னோமெட்டுக்குத் தயாரான பாதை வேண்டும் என்றால் பல மருத்துவமனைகளின் தரவை ஒரே வடிவில் வைக்கும் ஓமாப் தரவு மாதிரியின் சொல்தொகுதியைப் பாருங்கள். ஓஎச்டிஎஸ்ஐ சமூகம் பராமரிக்கிறது, அதீனா தளத்திலிருந்து இறக்கலாம். நோய்களுக்கு ஸ்னோமெட், அளவீடுகளுக்கு லோயின்க், மருந்துகளுக்கு ஆர்எக்ஸ்நார்மும் அதன் நீட்சியும் என்று ஒவ்வொரு களத்துக்கும் நிலைத்தரக் கருத்துருக்கள் உள்ளன. மற்றவை ‘இதற்கு மேப் ஆகிறது’ என்ற உறவால் அவற்றைச் சேர்கின்றன. மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஒரு ஐசிடி குறியீடு இரண்டு நிலைத்தரக் கருத்துருக்களுக்குப் போகலாம். இசட்80 போன்ற குடும்ப வரலாற்றுக் குறியீடுகள் நோய் அட்டவணைக்குப் போகாமல் அவதானிப்பு அட்டவணைக்குப் போகும், மதிப்பு வேறொரு உறவில் இருக்கும். இலக்கு கிடைக்காதவை 0 என்ற எண்ணைப் பெறும், அவற்றின் பங்கை ஒவ்வொரு முறையும் அறிக்கையில் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கருத்துருக்களுக்கு 200 கோடிக்கு மேற்பட்ட எண்களைப் பயன்படுத்துவது வழக்கம், மோதல் வராது. மூலக் குறியீட்டுப் புலத்தை மட்டும் எந்த நிலையிலும் அழிக்காதீர்கள். மேப்பிங் தவறு என்று தெரியும் நாளில் அதுதான் காப்பாற்றும்.

அரிய நோய்ப் பதிவேட்டின் எச்பிஓ பக்கம் வேறு வகை எச்சரிக்கை கேட்கிறது. எச்பிஓ நோயைச் சொல்வதில்லை, வெளித்தெரியும் இயல்பைச் சொல்கிறது. வலிப்பு எச்பி:0001250 ஒரு நிகழ்வு, கால்கை வலிப்பு நோய் ஐசிடியில் ஜி40, அதற்கு இணை தேட வேண்டிய இடம் மோண்டோ. காய்ச்சலில் ஒரு முறை வலிப்பு வந்த குழந்தைக்கு (ஆர்56.0) எச்பிஓ சொல் பொருந்தும், ஜி40 பொருந்தாது. ஆகவே ஜி40 இருந்தால் வலிப்பு இருந்தது என்று ஊகிக்கலாம், வலிப்பு இருந்தால் ஜி40 என்று ஊகிக்கக் கூடாது. பதிவேட்டில் ‘இல்லை’ என்று குறித்தவையும் இருக்கும். ‘உண்டு’ என்பது மரத்தில் மேலே ஏறும்: மயோக்ளோனிக் வலிப்பு உண்டு என்றால் வலிப்பு உண்டு. ‘இல்லை’ என்பது கீழே இறங்கும்: வலிப்பு இல்லை என்றால் எல்லா வகை வலிப்பும் இல்லை. இரண்டையும் ஒரே நிரலால் மேலே ஏற்றி, மயோக்ளோனிக் இல்லாதவரை வலிப்பே இல்லாதவராக்கிவிடுவது நடக்கும் தவறு. தரவைப் பரிமாற ஃபீனோபாக்கெட் வடிவத்தை எடுத்தால் ‘விலக்கப்பட்டது’ என்பதற்குத் தனிப் புலம் உண்டு.

ஆன்டாலஜிகளைத் தருக்க அளவில் சேர்ப்பதாக இருந்தால் ரோபாட் என்ற கட்டளைவரிக் கருவி போதும். முழு உபெரானையும் (உடற்கூறு ஆன்டாலஜி) செபியையும் (வேதிப்பொருள் ஆன்டாலஜி) இழுத்து வராதீர்கள், உங்களுக்கு வேண்டிய சொற்களின் பட்டியலைக் கொடுத்து அதைச் சுற்றிய துண்டை மட்டும் பிரித்தெடுங்கள். இணைத்தபின் எல்க் என்ற தருக்க இயந்திரத்தை ஓட்டுங்கள். இரண்டு விளைவுகளைத் தேடுங்கள்: எதுவுமே உறுப்பாக இருக்க முடியாத வகுப்புகள், ஒரே ஆன்டாலஜிக்குள் இரண்டு வகுப்புகள் திடீரெனச் சமமாவது. இரண்டாவதுதான் தவறான துல்லியப் பொருத்தத்தின் கைரேகை. எல்க் வேகமானது, ஆனால் தருக்க மொழியின் ஒரு பகுதியை மட்டுமே புரிந்துகொள்ளும், எனவே அது பிழை சொல்லவில்லை என்பது பிழை இல்லை என்பதற்குச் சான்றாகாது. பெற்றோர்-குழந்தை தலைகீழ் சோதனையை நீங்களே எழுதலாம்: மூலத்தில் அ என்பது ஆவின் பெற்றோர், இலக்கில் அவற்றின் ஜோடிகள் எதிர்த்திசையில் என்றால் இரண்டில் ஒரு மேப்பிங் தவறு.

விரிதாள் நிரல்களில் குறியீட்டுக் கோப்பைத் திறக்காமலிருப்பது பாதி நோயைத் தடுக்கும். ஸ்னோமெட் எண் 18 இலக்கம் வரை போகும், விரிதாள் 15 இலக்கத்துக்குப் பிறகு பூஜ்யம் போட்டுவிடும். ஐசிடி-9இன் 008.45 என்பது 8.45 ஆகும். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்கள் தேதிகளானதால் 2020இல் பெயர்களையே மாற்றினார்கள். குறியீடு என்பது எண் இல்லை, உரை, எல்லா இடத்திலும் உரையாகவே படியுங்கள். எந்தத் தொகுப்பின் குறியீடு என்று சொல்லும் முன்னொட்டையும் ஒழுங்கு செய்யுங்கள்: மெஷ்ஷுக்கே மூலத்துக்கு மூலம் வெவ்வேறு சுருக்கங்கள் உண்டு. என்சிஐ (அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம்) தொகுப்பின் எண்ணும் ‘சி’யில் தொடங்கும், யூஎம்எல்எஸ் எண்ணும் ‘சி’யில் தொடங்கும். முன்னொட்டு இல்லாவிட்டால் சி3262 எதற்குரியது என்று கோப்பு சொல்லாது. பயோரெஜிஸ்ட்ரி என்ற பொதுப் பட்டியலில் உள்ள முன்னொட்டுகளை எடுத்துக்கொண்டு மாறாமல் பயன்படுத்துங்கள்.

மேப்பிங் சரியா என்பதற்கு நான் நம்பும் சோதனை ஒன்றுதான்: நோயாளி மட்டத்து ஒப்பீடு. ஒரே நோயை மூலக் குறியீடுகளால் ஒரு முறையும், மேப் செய்த கருத்துருக்களால் ஒரு முறையும் எடுங்கள். இரண்டிலும் உள்ளவர்கள், முதலாவதில் மட்டும் உள்ளவர்கள், இரண்டாவதில் மட்டும் உள்ளவர்கள் என்று பிரியுங்கள். மொத்த எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் திருப்தி அடையக் கூடாது. 40 பேர் கழன்று வேறு 40 பேர் உள்ளே வந்தாலும் மொத்தம் அதேதான். பின்னிரண்டு பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் குறியீடுகளைப் பார்த்தால் தவறு எந்த வரியில் என்று நேராகச் சொல்லும். ஆண்டுவாரியாகவும் வரைந்து பாருங்கள். குறியீட்டு முறை மாறிய ஆண்டில் செங்குத்துப் படி தெரிந்தால் அது நோயின் மாற்றம் இல்லை. அமெரிக்கத் தரவில் 2015 அக்டோபர் 1 அப்படியான நாள். ஐசிடி-11க்கு மாறும் நாடுகளில், மூளை இரத்தநாள நோய்கள் இரத்த ஓட்ட அத்தியாயத்திலிருந்து நரம்பு மண்டல அத்தியாயத்துக்கு நகர்ந்திருப்பதால், அத்தியாய வாரியான வரைபடங்கள் எல்லாம் உடையும்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. யூஎம்எல்எஸ் இலவசம், கணக்கு வேண்டும். ஆனால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மூலத்துக்கும் தனி நிபந்தனை. ஸ்னோமெட்டை உறுப்பு நாடுகளில் தனிக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், மற்ற இடங்களில் நிபந்தனை வேறு. மருந்துகளின் பக்கவிளைவுகளைக் குறிக்கப் பயன்படும் மெட்ராவுக்குச் சந்தா உண்டு. ஸ்னோமெட் பெயர்கள் உள்ள அட்டவணையைத் திறந்த களஞ்சியத்தில் ஏற்றுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாகப் பதிப்பு. ஸ்னோமெட்டின் சர்வதேசப் பதிப்பு மாதந்தோறும் வருகிறது, ஐசிடி-10-சிஎம் (ஐசிடி-10இன் அமெரிக்க வடிவம்) அக்டோபர் 1 தோறும். ஆய்வு நடக்கும்போது ஒரு பதிப்பைப் பூட்டி, அதன் நாளை மேப்பிங் கோப்பிலும் கட்டுரையிலும் எழுதுங்கள். பதிப்பு ஏற்றும்போது முதலில் செயலிழந்த குறியீடுகளைத் தேடுங்கள். ஸ்னோமெட் அவற்றுக்கு ‘இதற்குச் சமம்’, ‘இதனால் மாற்றப்பட்டது’, ‘இதற்குச் சமமாக இருக்கலாம்’ என்று வெவ்வேறு சுட்டுகள் தருகிறது. முதலிரண்டையும் நிரலே மாற்றலாம், மூன்றாவது மனிதரிடம் போக வேண்டும். ஆன்டாலஜிகளில் ‘மாற்றப்பட்டது’, ‘பரிசீலிக்க’ என்ற இரண்டு சுட்டுகளுக்கும் அதே விதி. பெயர் மட்டும் மாறிய குறியீடுகளையும் பட்டியலிடுங்கள், சில நேரம் பெயரோடு வரையறையும் நகர்ந்திருக்கும். அதன்பின் பழைய பதிப்பிலும் புதியதிலும் மேலே சொன்ன நோயாளி ஒப்பீட்டை மறுபடி ஓட்டி, யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்ற கோப்பைப் பதிப்பு எண்ணோடு சேர்த்து வையுங்கள்.